சுமோவுக்கு ஊத்துன தண்ணி

ரேடியேட்டரத் தலகீழாக் கவுத்தித் தட்டத் தட்ட வெள்ளை வெள்ளையாச் செதில் கொட்டுச்சு. டீ டம்ளரக் கீழ வெச்சுப்போட்டு செவுத்தோரமா நின்னுட்டேன்.

"ஏனுங் ரவியண்ணா, ஒரு வாரம் கொழம்பு வெக்கலாமுங்க, அத்தன உப்பு இருக்குது"ன்னு இல்யாஸ் அண்ணன் சிரிச்சாரு. மெக்கானிக்கு அவரு. எங்க ஊட்டு வாசல்லயே வெச்சு வாடகைக்கு ஓடற எங்க பழைய சுமோ வண்டிக்குப் புது ரேடியேட்டர் மாத்திட்டிருந்தாரு. எங்கப்பா சிரிக்கல. வண்டி ஓட்டற எங்க சித்தப்பாவத்தான் பாத்தாரு.

"வேலா, வழியில கண்ட போர் தண்ணியப் புடிச்சு ஊத்துனயா?"

"இல்லீங்கண்ணா."

"என்ற புள்ள தெனமும் எந்திரிச்சு நல்ல தண்ணி நெறச்சு வெக்குது. அத ஊத்தறக்கு உனக்கென்ன கேடு?"

சித்தப்பா குனிஞ்சு கழட்டுன போல்ட்டுகளப் பொறுக்குனாரு.

உப்புத் தண்ணி வெச்சது நானுங்க. யாருகிட்டயும் இத இன்னும் சொல்லுல.

எங்க சிங்காநல்லூர் ஊட்டுல ரெண்டு தண்ணி. வாரத்துக்கு ஒருக்கா கொழாயில வர்றது நல்ல தண்ணி, குடிக்க, சமைக்க. போர்ல வர்றது உப்புத் தண்ணி, தொவைக்க, கழுவ. வண்டிக்கும் நல்ல தண்ணிதான் ஊத்தோணும்னு அப்பா சொல்லியிருக்கறாரு. காத்தால ரெண்டு பாட்டில் நெறச்சு டிரைவர் சீட்டுக்கடியில வெக்கறது என்ற வேலை. நல்ல தண்ணி டிரம்மு படிக்கு அடியில இருக்குது, குனிஞ்சு, மூடியத் தூக்கி, சொம்புல மோந்து ஊத்தோணும். போர் கொழாய் கேட்டுப் பக்கத்துலயே. ப்ளஸ் ஒன் சேந்ததுல இருந்து ஆறு மணிக்கு டியூசன். ஒரு நாள் அவசரத்துக்குப் போர் கொழாயில புடிச்சு வெச்சேன். வண்டி ஓடுச்சு. அடுத்த நாளும் ஓடுச்சு. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. தண்ணி தண்ணிதானேன்னு நெனச்சுப்போட்டேன்.

சித்தப்பா மேலயும் ஒரு தப்பு இருக்குது. போன வாரமே ரேடியேட்டர் ஒழுக ஆரம்பிச்சிருக்குது. அண்ணன் வைவாருன்னு அவரு சொல்லாம, மஞ்சத்தூளக் கொட்டி ஓட்டைய அடைச்சு ஓட்டியிருக்கறாரு. டிரைவருங்க செய்யறதுதான். நாலு நாள் தாங்குச்சு. வெள்ளிக்கெழம கிணத்துக்கடவு தாண்டி, ஒரு கல்யாணத்துக்கு எட்டுப் பேர ஏத்திட்டுப் போறப்போ ஒரேயடியாப் பொகை வந்துருச்சு. அதுல ஒரு கைக்கொழந்தையும் இருந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. வெயில்ல ரோட்டோரமா நின்னாங்க, முகூர்த்தம் முடிஞ்சே போச்சு.

செதிலோட மஞ்சளும் சேந்து கொட்டுச்சு. அப்பா அத வெரல்ல தொட்டுப் பாத்தாரு.

"இத மறைச்சவன் எத வேணும்னாலும் மறைப்பான். பச்சக் கொழந்தைய வெச்சுட்டு ஓட்டியிருக்கறே. சாவிய வெச்சுட்டுப் போயிரு."

"உடுங்கண்ணா, வயசான வண்டி"ன்னு இல்யாஸ் அண்ணன் சொல்லிப் பாத்தாரு. அப்புறம் அவரும் குனிஞ்சு ஓஸ் கிளிப்ப முறுக்க ஆரம்பிச்சுட்டாரு.

நான் வாயத் தொறந்தேன். அப்புறம் குனிஞ்சு டீ டம்ளர எடுத்துட்டேன். அப்பா அடிக்க மாட்டாருங்க. பேசாம உட்டுருவாரு, அதான் பயம். அம்மா போய் நாலு வருசத்துல இந்த ஊட்டுல என்கிட்டப் பேசறதுன்னா சித்தப்பாதான். சாப்புட்டயான்னு கேப்பாரு. கூடப் படிக்கற லாஸ்யாவோட சண்ட தீந்துச்சான்னு கேப்பாரு. "என்ற புள்ள"ன்னு அப்பா வெளியாளுக முன்னால சொல்லி அன்னிக்குத்தான் நான் கேட்டேன். அது இந்தப் பொய்க்குக் கெடச்சது.

சித்தப்பா சாவிய பானெட் மேல வெச்சாரு. பையோட வெளிய போறப்போ என்னைய ஒரு தடவ பாத்தாரு, அவ்வளவுதான். போத்தனூர்ல கூட்டாளி ரூம்ல இருக்கறாராம்.

புது ரேடியேட்டர்ல பச்சையா கூலண்ட் ஊத்தியாச்சு. இனிமே தெனமும் தண்ணி ஊத்த வேண்டியதில்லைங்கறாரு இல்யாஸ் அண்ணன். வண்டி ஓட்ட நாள் கூலிக்கு ஒரு டிரைவர் வர்றாரு. அப்பா நைட் சிப்டுக்கு மில்லுக்குப் போயிர்றாரு. நான் டிவிய சத்தமா வெச்சுட்டுச் சாப்புடறேன். நேத்து கெமிஸ்ட்ரில தொண்ணூத்தி ரெண்டு வாங்குனத சிலிண்டர் போட வந்தவருகிட்டத்தான் சொன்னேன். "நல்லதுங்க அம்மணி, கையெழுத்துப் போடுங்க"ன்னாரு.

இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு சித்தப்பா கூப்புட்டாரு.

"சாப்புட்டயா கண்ணு?"

"ஆச்சுங்க சித்தப்பா."

"வண்டி எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுங்க."

சொல்லிரலாம்னு மூச்ச இழுத்தேன். அக்கட்ட ரயில் போற சத்தம். அது முடிஞ்சதும் அவரே முந்திக்கிட்டாரு.

"இனிமே காத்தால கொஞ்ச நேரம் சேத்தித் தூங்கு கண்ணு. அதான் பாட்டில் வெக்கற வேலையில்லயே"ன்னாரு. "போன வெச்சர்றேன்."

இப்ப மணி ஒண்ணே கால், தூக்கம் வருல. ஒரு வருசமா அந்தப் பாட்டில் அவரு காலடியிலயேதான் கெடந்துச்சு. சித்திர வெயில்ல, ட்ரிப்புக்குப் போன எடத்துல மணிக்கணக்காக் காத்துக் கெடந்திருப்பாரு. தாகத்துக்கு ஒரு நாளாச்சும் அதுல ஒரு வாய் குடிச்சுப் பாத்திருக்க மாட்டாரா?