கூண்டுக்குள் இரண்டு நான்கு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது என் கற்பனை இல்லை, எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. பாத்திரங்கள் இரண்டு பேர்: என் மனைவி, என் தங்கை. அதனால் ஒரு கண்ணை வாசல் பக்கம் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

'அன்று காலை வானம் மேகமூட்டத்துடன்

(வேண்டாம். திரை போட்டிருந்தது, வானத்தை யார் பார்த்தார்கள்?)

2

மனைவி ஒரு வாரப் பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக யார் யார் பெயரையோ அச்சில் ஏற்றிய கை. அவள் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. இந்த வாரம்தான் அவள் உருவாக்கிய சுடோகுவுக்கு ஓர் ஓரம் கிடைத்தது. அடியில் 'ஆக்கம்' என்று போட்டு அவள் பெயர். அந்த வரியை நாலு தடவை படித்தாள்.

புதிரில் ஓர் எண்கூட முன்னதாகத் தரவில்லை, வெறுங்கட்டம். சில கட்டங்களைப் புள்ளிக்கோட்டால் கூண்டாக அடைத்து, கூட்டுத்தொகையை மட்டும் மூலையில் போட்டிருந்தாள். குறுக்கே, நெடுக்கே, சின்னச் சதுரத்துக்குள் ஓர் எண் ஒருமுறைதான் என்பது வழக்கமான விதி.

3

தங்கை மருந்துக்கடை வைத்திருக்கிறாள். டாக்டர் கிறுக்கலிலேயே தப்புக் கண்டுபிடிக்கிற கண்.*

காலை பதினொரு மணிக்குப் புதிரின் மாதிரித் தாளோடு வந்து நின்றாள். பன்னிரண்டுக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

"அண்ணி, இதுக்கு ரெண்டு விடை வருது."

"வராதே."

"ஒரே கூண்டுக்குள்ள ஒரு எண் ரெண்டு தடவை வரலாமா?"

"அதெப்படி? கூடாது."

"அது உங்களுக்குத் தெரியும். விதியில எழுதலையே. பாருங்க, பதினொண்ணு போட்ட கூண்டு வளைஞ்சு பக்கத்துச் சதுரத்துக்குள்ள போகுது. நாலு, மூணு, நாலு. எந்த விதியையும் மீறலை."

மனைவி பென்சிலை எடுத்துச் சரிபார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

* இவளை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். ஆறு மாதமாக இருவருக்கும் அளவான பேச்சுத்தான். ஆனால் புதிரை முழுசாகப் போட்டுப் பார்த்தது அவள் ஒருத்திதான். நான் பாதியிலேயே கையைத் தூக்கிவிட்டேன்.

4

"ஒரு வரி சேர்த்தாப் போச்சு" என்றேன் மேதாவி மாதிரி. இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது

(முடிக்க மாட்டேன்.)

இடமில்லை. சுற்றிலும் மெத்தை விளம்பரம். எழுத்தை இன்னும் குறைத்தால் பூதக்கண்ணாடி இலவசம் என்று போட வேண்டும்.

"ஒரே ஒரு கட்டத்துல எண்ணைப் போட்டுக் கொடுத்துடுங்க அண்ணி. ரெண்டாவது விடை ஓடிடும்."

"வெறுங்கட்டமா வரணும்னுதானே மூணு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"அப்ப பேர் இருக்கிற வரியை எடுத்துட்டு, அங்கே விதியைப் போடணும்."

மனைவியின் பென்சில் தன் பெயர் மேல் போய் நின்றது. அதைப் பார்த்துத் தங்கையே, "எடுக்காதீங்க அண்ணி. கடையில வைக்கப் பத்துப் பிரதி சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

5

முடிவு (அ): பெயர் போகிறது, வெறுங்கட்டம் தப்புகிறது.

முடிவு (ஆ): ஓர் எண் வந்து உட்காருகிறது, பெயர் தப்புகிறது.

இரண்டையும் கொடுத்து நழுவலாம்தான். ஆனால் இரண்டு விடை வந்தால் தப்பு என்று என் வீட்டிலேயே பாடம் நடந்தாயிற்று.

நடந்ததைச் சொல்கிறேன். இருவரும் கணினி இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் முணுமுணுப்பு, பிறகு சண்டை, அப்புறம் இருவரும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பக்கம் போய்விட்டது.

"என்னம்மா பண்ணீங்க?"

"பத்திரிகை வரட்டும், பாத்துக்கோண்ணா."

வந்துவிட்டது. இதோ, பிரிக்காமல் மேசைமேல் கிடக்கிறது. நான் எப்போது பிரிப்பேன் என்று இருவரும் சமையலறை வாசலில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த வீட்டில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. பிரித்தால் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

பதினேழாம் பக்கம், வலது ஓரம். நீங்களே பாருங்கள். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.