விட்டுப்போன சுரம்

இஸ்மனி வீட்டு முற்றத்தில் ஒரு வாரமாக ஒரே சண்டை. வெளிநாட்டுப் படையைக் கூப்பிடலாமா, கூடாதா? சண்டை போட்டதென்னவோ இரண்டே பேர். சத்தம் மட்டும் பெல்ஃபொன்தேன் பேட்டை முழுக்கக் கேட்டது.

இஸ்மனியிடம் அடைக்கலமாயிருந்த பிள்ளைகள் எல்லாம், "தங்கிப் படிக்கட்டும்" என்று மலைக்கிராமங்களிலிருந்து நகரத்து வீடுகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். படிப்பா கிடைத்தது? தண்ணீர் வாளியும் அடியும்தான் கிடைத்தன. ஓடி வந்துவிட்டார்கள். இப்போது பேட்டையைப் பிடித்து வைத்திருக்கும் துப்பாக்கிக் கும்பல் அவர்கள்மேல் கண் வைத்திருந்தது. திங்கட்கிழமை அவள் வெளியேற வேண்டும், பிள்ளைகள் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஆள் விட்டுச் சொல்லியாயிற்று. பையன்கள் கையில் துப்பாக்கி கொடுப்பார்கள். பெண்பிள்ளைகளின் கதியை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தெருக்கோடியில் கும்பல் போட்ட தடுப்பைத் தாண்டிவிட்டால் பாதிரியார் பள்ளியில் இடம் உண்டு. தாண்டுவதுதான் பெரும்பாடு.

"கவச வண்டி ரெண்டு வந்தா போதும்ணே. பிள்ளைங்கள ஏத்திட்டு போயிருவாங்க," என்றாள் இஸ்மனி.

பக்கத்து வீட்டு வில்னோர் எகிறினார். "வந்தவன் எவன் சும்மா போனான்? போன தடவ வந்த படை காலராவ ஆத்துல விட்டுட்டுப் போச்சு. என் பொண்டாட்டியத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு ஓடுனேனே, மறந்துட்டியா?"

"மறப்பனா? அண்ணியக் கடைசியா குளிப்பாட்டுனவ நான். அதுக்காக இந்தப் பிள்ளைங்களத் தூக்கிக் குடுத்துருவோமா? உங்க ரோஷத்த அடுப்புல வச்சா சோறு வேகுமா?"

"நமக்குன்னு ஒரு அரசாங்கம் இருக்கில்ல?"

"இருக்கு, இருக்கு! போய்ப் பாருங்க!"

அவள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். படை வந்து கூட்டிப்போகட்டும் என்றார் அமைச்சகத்து அதிகாரி. அமைச்சகம் கேட்காமல் அசைய முடியாது என்றான் ஊரில் முகாமிட்டிருந்த வெளிநாட்டுப் படை அதிகாரி. இவன் அவனைக் காட்ட, அவன் இவனைக் காட்ட, நடுவில் பிள்ளைகள். நாசமாய்ப் போக!

வில்னோர் வெகுநேரம் தாடியைச் சொறிந்தார். தவக்காலம் வந்தால் அவர் வெறும் வில்னோர் இல்லை. கொட்டும் குழலுமாகத் தெருவில் ஆடிப்போகும் ரரா கூட்டத்துக்குத் தலைவர். தலைவரைக் கர்னல் என்பார்கள்.

"ஞாயித்துக்கிழம ரரா போகுது," என்றார். "ரராவ எந்தப் பயலும் சட்டுனு மறிக்க மாட்டான். பிள்ளைங்கள உள்ள விட்டுக்குவோம்."

"பிள்ளைங்களுக்கு ஊதத் தெரியாதேண்ணே!"

"ஒரு மூங்கில் குழலுக்கு ஒரே சுரம். ஆளுக்கு ஒரு தடவ, அவங்கவங்க முறையில ஊதுனா பாட்டு தானா வந்துரும். அதக்கூடவா கத்துக்க மாட்டாங்க?"

கற்றுக்கொண்டார்கள். வந்த நாள் முதலாய் வாயே திறக்காத மிர்லாந்துகூட ஒரு குழலைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் எரிந்துபோன பேருந்தைக் குறுக்கே போட்டிருந்த தடுப்பில் கூட்டம் நின்றது. காவலுக்கு இருந்தவன் சிமான். மலைபோல் உடம்பு, தோளில் துப்பாக்கி.

"என்ன கர்னல், இத்தன பொடிசு எதுக்கு? இது ரராவா, இல்ல பள்ளிக்கூடமா? எங்க, பொடிசுங்க மட்டும் ஊதட்டும், பாப்போம்."

வில்னோர் விசில் அடித்தார். பிள்ளைகள் ஊதினார்கள். ஊப், ஊப், ஊம், அடுத்து மிர்லாந்தின் முறை. அவள் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுரம் விழவில்லை. பாட்டின் நடுவே ஓட்டை. மறுசுற்று, மறுபடியும் அதே ஓட்டை. கடவுளே, தொலைந்தோம் என்று இஸ்மனி கண்ணை மூடினாள்.

"ஊப்!"

கண்ணைத் திறந்தாள். ஊதியது மிர்லாந்து இல்லை. சிமான்! அவன் லெயோகான் ஊர்க்காரன். அந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்னே ரரா கேட்டு வளர்கிறவர்கள். ஓட்டைப் பாட்டை அவன் காது பொறுக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டான். அடுத்த சுற்று வந்தது, பொத்திய கைக்குள்ளிருந்தே "ஊப்!" என்றது. கூட இருந்த கும்பல் பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வில்னோர் விடுவாரா? ஆடிக்கொண்டே போய் அவன் முன்னால் குனிந்து வணங்கினார். "ஊதுனவன் நம்மாளு. நம்மாளே நம்ம ரராவ மறிச்சா ஊர் சிரிக்காது?"

சிமான் வெட்கத்தில் நெளிந்தான். "போய்த் தொலைங்கய்யா! அந்தப் பொண்ணுக்கு மொதல்ல ஒழுங்கா சொல்லிக் குடுங்க!" என்று வழிவிட்டான்.

மறுபக்கம் சும்மா நின்றிருந்த கவச வண்டிமேல் ஒரு வெளிநாட்டுச் சிப்பாய் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இஸ்மனி அழுதாள், சிரித்தாள், கிடைத்த பிள்ளையை எல்லாம் முத்தமிட்டாள்.

"பாத்தியா? எவனும் தேவையில்ல," என்றார் வில்னோர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"போங்கண்ணே! அவன் வேற ஊர்க்காரனா இருந்திருந்தா? பிள்ளைங்க உசுரு ஒருத்தன் காத நம்பியா கெடக்கணும்? அரசாங்கம் இருக்குன்னீங்கள்ல, அது பொறுப்பெடுக்கட்டும். நாளைக்கு மொத்த ரராவும் அமைச்சகத்துக்கு வரணும்."

பிள்ளைகள் அன்றிரவு பாதிரியார் பள்ளியில் தங்கினார்கள். மறுநாள் அவர்களோடு மொத்த ரராவும் வந்தது. அமைச்சக வாசலில் விடாமல் கொட்டினார்கள். தெருவே கூடிவிட்டது. கடைசியில் மாடியிலிருந்து அந்த அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"நிறுத்துங்கம்மா! யார் பிள்ளைங்க இதெல்லாம்?"

கொட்டு நின்றது. இஸ்மனி பிள்ளைகளை வாசல் கம்பியோரம் வரிசையாக நிறுத்தினாள். அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க பிள்ளைங்கதான்யா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. இறங்கி வாங்க!"

தெரு முழுக்க, "இறங்கி வா! இறங்கி வா!" என்று பிடித்துக்கொண்டது. அவர் இறங்கி வந்தார். தன் கையாலேயே கதவைத் திறந்தார்.