கொதிக்கும் தண்ணீரில் கரைத்த சீம்பால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. எந்த உயிர் நோயை எப்படி எதிர்க்கிறது என்று ஒரு கட்டுரை. புழு பூச்சிகளுக்கு நம்மைப்போல எதிர்ப்பொருள் கிடையாது. கிருமியைக் கண்டால் விழுங்கிவிடும் செல்கள் உண்டு. மனிதக் குழந்தை தாய் வயிற்றிலேயே அவளுடைய எதிர்ப்பொருளை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெறுங்கையோடு பிறக்கும், சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தால்தான் பிழைப்பு.

இங்கே பேனா நின்றுவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஒரு மாட்டு டாக்டரம்மா வந்து நின்றாள்.

2

தொடக்கம் ஒன்று: அன்று மழை விடாமல்... (சே! மழையில்லாமல் ஒரு கதை ஆரம்பிக்கத் துப்பில்லையா எனக்கு?)

தொடக்கம் இரண்டு: பண்ணையில் ஒரு பசு கன்று ஈன்றதும் செத்துப்போனது. டாக்டரம்மா தன் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அலமாரியில சீம்பால் தூள் இருக்கு. வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு உடனே எடுத்துட்டு வாங்க."

கணவன் புட்டியோடு பறந்து வந்தான். கன்று ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அவன் போனில் எடுத்துக்கொண்டு போன படத்தைப் பார்த்து, வீட்டிலிருந்த மகள் அதற்குத் 'தங்கச்சி' என்று பேர் வைத்தாள்.

3

(மகளைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். கை வரவில்லை.) அவளுக்கு இரத்தப் புற்றுநோய். மருந்து நோயோடு சேர்த்து எதிர்ப்புச் சக்தியையும் துடைத்தெடுத்துவிட்டது. அப்பன் அவளைக் கண்ணை இமை காப்பதுபோல் காக்கிறான். குடிதண்ணீர், கரண்டி, சீப்பு, பொம்மை, எல்லாம் அவனுக்குக் கொதித்தாக வேண்டும்.

சில நாளில் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. என்ன ஊசி போட்டும் கேட்கவில்லை. செத்துப்போனது. டாக்டரம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அவன் ஆறுதல் சொன்னான்.

"நம்ம பக்கம் ஒரு குறையும் இல்லம்மா. தளதளன்னு கொதிக்கிற தண்ணியிலதான் கரைச்சேன். கட்டி தட்டுச்சு, வடிகட்டி, ஆறவச்சுக் கொண்டுவந்தேன். ஒரு கிருமி தப்பியிருக்காது."

கிருமி மட்டுமா? அந்தச் சூட்டில் தூளிலிருந்த எதிர்ப்பொருளும் கெட்டுப்போயிருக்கும். கன்று குடித்தது வெறும் பால். கேட்ட நொடியே அவளுக்கு அது புரிந்துவிட்டது. அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

4

'வேலியே பயிரை மேய்ந்தது' என்று எழுதி அடித்துவிட்டேன். பாவம், அந்த மனுஷன் எங்கே மேய்ந்தான்?

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். அதற்கப்புறம் மகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றவும் அவன் துணியமாட்டான்.

முடிவு ஆ: மறைத்துவிடுகிறாள். அடுத்த கன்றுக்கும் அவன் கொதிக்கவைப்பான். [இங்கே நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுகிற எழுத்தாளனை நம்பாதீர்கள்.]

முடிவு இ: அவள் மெல்ல எழுந்து...

அதற்குள் அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"ஏம்மா, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

என்னால் ஆகாது. இந்தப் பதில் உங்கள் பொறுப்பு. எதைச் சொல்வதானாலும் மெதுவாகச் சொல்லுங்கள்; பக்கத்து அறையில் மகள் விழித்துக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி செத்துப்போனது அவளுக்கு இன்னும் தெரியாது.