கோட்டைக்குச் சவரம்

அமலோற்பவம் டீச்சர் அஞ்சாம் வகுப்புப் பெண்களை வரிசையாக அழைத்துக்கொண்டு கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் முன்னால் வந்து நின்றபோது, செஞ்சிக் கோட்டைக்கு யாரோ முழுச் சவரம் செய்துவிட்டது போலிருந்தது.

போன சனிக்கிழமை மதில் இடுக்கெல்லாம் நாயுருவியும் தும்பையும் மூக்கிரட்டையும் மண்டிக் கிடந்தன. களஞ்சியத்துச் சுவரில் ஓர் அரசங்கன்று இலையாட்டிக்கொண்டிருந்தது. இன்று கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான் மிச்சம். கோட்டைக் காவல்காரர் அப்துல் சுக்கூர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர்களை வரவேற்பவர் போல நின்றிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, எப்படி இருக்குது நம்ம கோட்டை? பெரிய அதிகாரி வராங்கன்னு சொன்னீங்களே, ஆள வெச்சி வேரோட புடுங்கிட்டேன். ஒரு குப்பை கண்ல படாது."

"பாய், அந்தக் குப்பையப் பாக்கத்தான் அவங்க வராங்க!"

டீச்சர் தமாஷ் பண்ணுவதாக நினைத்து சுக்கூர் சிரித்தார். "திண்டிவனத்துலேர்ந்து கரி பஸ்ல குலுங்கிக்கினு, நாயுருவி பாக்கவா வருவாங்க? அங்க இல்லாத நாயுருவியா?"

போன வருஷம் பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வகுப்பில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய இலைப் படத்தைக் காட்டி, "இந்த இலையை இந்தப் பிள்ளைகளில் யாராவது தொட்டிருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தார். அமலோற்பவம் பதறிப்போய், "அடுத்த தடவை கோட்டைக்கே கூட்டிப் போய் நடத்துகிறேன் அம்மா" என்று வாய்விட்டதன் பலன் இது. இன்று அம்மாள் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால்தான் பள்ளி மேனேஜரான பங்குச் சாமியார் அவளை நிரந்தரமாக்குவார். இல்லையென்றால் கோடை விடுமுறையோடு வேலையும் போய்விடும். அதனால்தான் போன சனிக்கிழமையே பிள்ளைகளை அழைத்து வந்து, எந்தச் சுவரில் என்ன செடி என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

மாற்றிச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. பஸ் நிலையத்திலிருந்து ஜட்கா வண்டி வந்து நின்றது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வெள்ளைப் புடவையை உதறிக்கொண்டு இறங்கினார். யுத்தத்தால் பெட்ரோல் இல்லாமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம். அம்மாளின் மூக்கு நுனியில் அந்தக் கரி அழகாகப் பொட்டு வைத்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

அம்மாள் நேராக முதல் மதிலிடம் போனார். "இந்தச் சுவரில் என்ன வளர்கிறது, பிள்ளைகளா?"

"நாயுருவி!" என்று ஒரே குரலில் பதில் வந்தது. அத்தனை விரல்களும் மொட்டைக் கல்லைக் காட்டின.

"அதற்கு மேலே?"

"தும்பை! அதுல பட்டாம்பூச்சி தேன் குடிக்குது!"

அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பட்டாம்பூச்சி உட்கார இடமில்லாத அந்தச் சுவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். அமலோற்பவம் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

"மனப்பாடம் பண்ணினது போதும்," என்ற அம்மாள், முன்னால் நின்ற ராயம்மாளின் தோளைத் தொட்டார். வகுப்பிலேயே குள்ளமான பெண் அவள். "இப்போ, இந்த நிமிஷம், உன் கண்ணுக்கு என்ன தெரியறதோ அதைச் சொல்லு."

ராயம்மாள் நிமிர்ந்து நன்றாகப் பார்த்தாள். "உங்க மூக்குல கரி இருக்குது."

சுக்கூர் சட்டென்று மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாள் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்து, கரியை ஆராய்ந்தார். "இன்றைக்கு நான் கேட்ட முதல் உண்மை," என்றார். "சரி, செடியெல்லாம் எங்கே?"

"பாய் புடுங்கிட்டாரு. களஞ்சியத்துக்குப் பின்னால குமிச்சிருக்குது."

"நான்தாம்மா," என்று சுக்கூர் பெருமையோடு முன்னால் வந்தார்.

குவியல் ஆள் உயரம் இருந்தது. அதில் ஓர் ஆடு ஏறி நின்று தன் பங்கைத் தின்றுகொண்டிருந்தது. பெண்கள் அதை விரட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே குவியலுக்குள் கைவிட்டார்கள். ஒத்திகை மறந்துபோயிற்று. "டீச்சர், நாயுருவி பாவாடையெல்லாம் ஒட்டுது!" "இந்தப் புழுவப் பாருங்க டீச்சர்!" அமலோற்பவமும் பயம் மறந்து அவர்கள் நடுவே குந்தி உட்கார்ந்தாள்.

ராயம்மாள் ஒரு கையில் தும்பையையும் மறு கையில் அரசங்கன்றையும் தூக்கி வந்தாள். தும்பையின் வேர் அவள் விரல் நீளம்கூட இல்லை. அரசங்கன்றின் வேரோ கல் இடுக்கின் வடிவத்துக்கே நசுங்கி, தோல் வார் போலத் தட்டையாக, அவள் காலுக்குப் பின்னால் இழுபட்டு வந்தது. அதில் காரை கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது.

அம்மாள் வேரைத் தடவிப் பார்த்தார். "கோட்டையும் இருக்கணும், செடியும் இருக்கணும். எதைப் பிடுங்கலாம், எதை விடலாம்?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி.

"அரச புடுங்கணும். அது காரையத் தின்னுட்டு கல்லப் பொளக்குது," என்றாள் ராயம்மாள். "தும்பை சும்மா இடுக்கு மண்ணுல குந்திக்கினு இருக்குது. அது இன்னா பண்ணிச்சி, பாவம்!"

"அப்ப தும்பைய நான் வீணாவா புடுங்கினேன்?" என்றார் சுக்கூர்.

"ஆமா பாய்."

"உங்களை யார் பிடுங்கச் சொன்னது?" என்று அம்மாள் கேட்டார்.

"நீங்கதாம்மா. நீங்க வரலன்னா நான் ஏன் புடுங்கறேன்?"

அம்மாள் குலுங்கிச் சிரித்தார். "மழை முடிந்து மறுபடி வருவேன். சொல்லிக்கொண்டு வரமாட்டேன். அரசைத் தவிர வேறெதிலும் கை வைக்காதீர்கள்." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "ஒத்திகை மட்டும் இனி வேண்டாம். நான் வரும்போதும் நீங்கள்தான் நடத்த வேண்டும். சாமியாரிடம் நானே சொல்லிவிடுகிறேன்."

அம்மாள் ஜட்காவில் ஏறி உட்கார்ந்து, பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தார். மூக்கில் துடைத்த கரி மேலுதட்டிலிருந்து கன்னம்வரை இழுபட்டு, மீசை போல நின்றிருந்தது.

ராயம்மாள் வாயைத் திறந்தாள். அமலோற்பவம் ஒரே எட்டில் போய் அந்த வாயைப் பொத்தினாள். வேலை இப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது.