வந்து சேராத மூன்றாவது மணி

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஓர் அண்ணன் வருவான், பெயர் இளவரசன், அவன் நான்தான். கடைசிப் பக்கத்தில் 'அந்த அண்ணன் வேறு யாருமில்லை' என்று உங்களைத் திடுக்கிட வைக்கும் சாமர்த்தியமெல்லாம் எனக்குக் கிடையாது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் அதிகாரியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன், கையால்தான். அதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருபவள் என் தங்கை சந்திரகலா.

அடிக்கும்போது ஏதாவது தப்பாகப் பட்டால் சதுர அடைப்புக்குள் நாலு வார்த்தை போட்டுவைப்பாள். வழக்கமாக அவற்றைப் பார்த்துத் திருத்திவிட்டு, எடுத்துவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புவேன். இந்த ஒரு கதையில் மட்டும் எடுக்கப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

[அதிகாரி இல்ல, ஜூனியர் அசிஸ்டென்ட். ஆரம்பமே பொய்யா?]

இந்தக் கதை பிறந்தது இந்த வருஷம், 2009 தை மாதத்துப் பௌர்ணமி அன்று, கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடையில். தங்கை ஒரே ஒரு விஷயம் சொன்னாள். அது நாலாம் பாகத்தில் வருகிறது. அதற்கு முன்னால் வீட்டில் ஒரு போனை மாற்றியாக வேண்டும்.

2.

ஆரம்பம் ஒன்று: 'மலையின் மேல் மேகம் இறங்கிய ஒரு மாலைப் பொழுதில், அந்தப் பழைய தொலைபேசி கடைசி முறையாக —'

வேண்டாம். போனைக் கழற்றியது காலை பத்தரை மணிக்கு. மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல வெயில்.

ஆரம்பம் இரண்டு: 'விஞ்ஞானம் வளர வளர மனித உறவுகள் —'

சே! பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டியா இது?

நடந்ததையே சொல்கிறேன். 2008 பிப்ரவரி. அமெரிக்காவில் இருக்கும் என் சிநேகிதன் மாறன் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். கேபிள்காரர் கொடுக்கிற இன்டர்நெட்டை ஒரு பக்கம் செருகி, மறுபக்கம் சாதாரண போனை மாட்டினால் போதும், உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் மணிக்கணக்கில் பேசலாம். அதற்கென்று தனி நம்பர். மாதம் ஒரே கட்டணம். அப்போது சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை கலாவோடு அம்மா ஆசைதீரப் பேசட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் துளியும் கள்ளம் இல்லை, அதை மட்டும் எழுதிவைத்துக்கொள்கிறேன்.

பழைய லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா, ஜோதியம்மாள், அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கட்டுமேடா."

"எதுக்கும்மா? அதுல தெனம் அடிக்கிறது ரெண்டே ரெண்டு மணி. அதையும் நீ எடுக்கிறதில்ல. ரெண்டு மணிக்கு ஒரு போனா?"

அம்மா கழுநீரை வடித்தாள். மறுபடி அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.

(நான் சொன்னதை அடித்துவிட்டு, கொஞ்சம் மரியாதையாக ஏதாவது எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும்.)

போன் மெக்கானிக் அன்வர் பாஷா வந்து கருவியைக் கழற்றினார். பன்னிரண்டு வருஷமாக எங்கள் தெருவுக்கு லைன் பார்க்கிறவர். என் முதல் பிரதியில் அவர் பெட்டியை உற்றுப் பார்த்து, "தம்பி, நெட்டு வழியா வந்தா அந்தப் பக்கத்து மணியும் இந்தப் பக்கத்து மணியும் ஒத்துப்போவாதுங்க" என்று எச்சரிக்கிறார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனுஷன் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "கரெண்ட் போச்சுன்னா இது பேசாதுங்க, பாத்துக்கோங்க." டீ குடித்தார். சர்க்கரை ஜாஸ்தி என்றார். போய்விட்டார். எச்சரித்தும் நான் கேட்கவில்லை என்று எழுதினால் கதைக்கு அழகு. யாருமே எச்சரிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

[டீ போட்டது நீயாத்தான் இருக்கும். அம்மா போட்டா சர்க்கரை கம்மியாத்தான் இருக்கும்.]

3.

இந்தப் பாகத்தில் இருப்பது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

கல்யாணம் ஆகிச் சிங்கப்பூர் போன கலா, ஒரே ஒரு தடவை, 2006 டிசம்பரில் பத்து நாள் வந்திருந்தாள். திரும்புவதற்கு முந்தின நாள் அம்மாவும் அவளும் மலையைச் சுற்றப் போனார்கள். அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது, புருஷன் கை நீட்டுகிறான் என்பதைச் சொன்னாள். அங்கே போன் ஹாலில் இருக்கிறதாம், பக்கத்திலேயே மாமியார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேசும்போதெல்லாம் அவன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பான். அவளாகக் கூப்பிட்டுப் பேசினால் மாதக் கடைசியில் பில்லில் வந்துவிடும்.

"அண்ணங்கிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம்மா. அவன் சண்டைக்குக் கெளம்பிடுவான். அப்புறம் எனக்குத்தான் ஜாஸ்தி ஆவும். இன்னும் கொஞ்ச நாள் பாக்குறேன்."

அம்மா எட்டாவது வரை படித்தவள். அந்த மரத்தடியில் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். தினமும் நம் ஊர் நேரம் காலை பதினோரு மணிக்கு, போனைத் துடைக்கிற சாக்கில், கலா நம்பரை அழுத்தி, காதில் கேட்கிற மணியை எண்ணிவிட்டு வைத்துவிட வேண்டும். இங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்காத போன் எந்தப் பில்லிலும் ஏறாது.

"ரெண்டு மணி அடிச்சா நல்லாருக்கேன்னு எடுத்துக்கறேன். மூணு அடிச்சின்னா, அன்னிக்கே எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லிப் படுத்துடறேன். ஆஸ்பத்திரியிலயே போய்ப் படுத்துக்கறேன். உன்ன அனுப்பித்தான ஆவணும் அவங்க?"

பதினான்கு மாதம். தினமும் இரண்டு மணி.* அம்மா எங்கே இருந்தாலும் பதினோரு மணிக்கு ஹாலில் இருப்பாள். தங்கை கஞ்சத்தனத்தில் மிஸ்டு கால் கொடுக்கிறாள் என்று நான் கேலி செய்வேன். அம்மா சிரித்துக்கொள்வாள்.

* பழைய போனிலும் இரண்டு பக்கத்து மணியும் துல்லியமாக ஒத்துப்போகாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். எங்கள் வீட்டில் ஒரு நாளும் பிசகியதில்லை.

[இதெல்லாம் எழுதுவியா நீ? சரி. அடிக்கிறேன்.]

4.

பெட்டி வந்தது. புது நம்பரைக் கலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரிலேயே சொன்னேன். "இனிமே எவ்வளவு நேரம் வேணாலும் பேசலாம் கலா!" என்று கத்தினேன். அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் பேசினோம். அத்தனையும் ஸ்பீக்கரில். மழை, குழம்பு, தக்காளி விலை.

புதுப் போனில் முதல் சில நாள் காலை மணி ஒன்றுதான் அடித்தது. அம்மா பதறிப்போய், "அவளக் கூப்புடுடா" என்றாள். கூப்பிட்டேன், மாப்பிள்ளை எடுத்தார், எல்லாரும் சௌக்கியம் என்றார், கலாவும் பின்னாலிருந்து சௌக்கியம் என்றாள். பெட்டிக்குப் பழகவில்லை போல என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன். மார்ச் மாதம் ஒரு நாள் பழையபடி இரண்டு மணி அடித்தது. மறுநாளும் இரண்டு. அம்மா அன்று பாயசம் வைத்தாள். பதினோரு நாள் இரண்டு இரண்டாக அடித்தது. அப்புறம் மணி நின்றுபோயிற்று. இனிமேல்தான் வாரம் மூன்று நாள் பேசுகிறோமே, அதனால் நிறுத்திவிட்டாள் என்று நானே காரணம் கண்டுபிடித்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒன்பது மாதம் கழித்து, பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் ஒருத்தியின் உதவியோடு, கலா தானாகவே வந்து சேர்ந்தாள். அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி அவள் பேசியதில்லை. நானும் எழுத மாட்டேன்.

தை பௌர்ணமிக்கு இருவரும் மலையைச் சுற்றினோம். டீக்கடையில் அந்த மணி ஏற்பாட்டை என்னிடம் முதன்முதலாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே,

"பதினோரு நாள் மூணு மூணா அடிச்சேண்ணா. அம்மா எண்ணிக்கிட்டு சும்மா இருந்துட்டாங்க. பரவால்ல. பயந்திருப்பாங்க. நீ எதுவும் கேட்டுடாத."

முதல் பாகத்தில் நான் சொன்ன விஷயம் இதுதான்.

5.

அந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டேன். பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, என் செல்போனிலிருந்து அதன் நம்பரைக் கூப்பிட்டேன். காதில் ஒரு மணி. மேஜைமேல் இருந்த போன் சும்மா இருந்தது. காதில் இரண்டாவது மணி. அப்போதுதான் மேஜையில் முதல் மணி. காதில் மூன்று, மேஜையில் இரண்டு. வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தேன். ஏழு தடவை அடித்தேன். ஏழு தடவையும் அங்கே மூன்று, இங்கே இரண்டு.

சமையல்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருடா அது, ரெண்டு ரெண்டா அடிக்கிறது?"

"யாரும் இல்லம்மா."

அவள் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தானாகவே சொன்னாள்: "மூணு அடின்னு சொல்லித்தானடா அனுப்பினேன். அவ்வளவு கஷ்டத்துலயும் ஒரு நாள்கூட அடிக்கலியே அவ. பெத்தவ வந்து நிப்பான்னு நம்பிக்கை இல்ல பாரு."

மகள் கேட்டும் அம்மா வரவில்லை என்று ஒருத்தி. மகள் கேட்கவே இல்லை என்று இன்னொருத்தி. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருத்தர் மனம் நோகாமல் ஒருத்தர் பேசிக்கொண்டு, ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். இரண்டும் தெரிந்தவன் நான் ஒருத்தன். ஏழு மாதமாக வாயைத் திறக்கவில்லை. திறந்தால் 'ரெண்டு மணிக்கு ஒரு போனா' என்று கேட்ட வாயைத்தான் திறக்க வேண்டும்.

6.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) அன்வர் பாஷா மறுநாளே திரும்பி வந்து, "தம்பி, பழைய லைன் இருக்கட்டும்" என்கிறார். எல்லாம் சுபம். — பழியையும் நன்றியையும் அவர் தலையிலேயே கட்டுகிறேன். வேண்டாம்.

ஆ) பன்னிரண்டாம் நாள் இன்டர்நெட் வேகமாக ஓட, மூன்றாவது மணி வந்து சேர்கிறது. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுக்கிறாள். — இதை எழுதும்போது அழுதேன். கிழித்துப் போட்டேன்.

இ) அண்ணன் இருவரையும் உட்கார வைத்து, தலைகுனிந்து, எல்லாவற்றையும் சொல்கிற —

சொல்கிற ஆளாக இருந்தால் இவ்வளவு பக்கம் எழுதுவானா?

வாசகர்களே, பத்திரிகையில் இது வந்தால் நீங்கள் படிப்பீர்கள். ஆனால் உங்களுக்கு முன்னால், ஒவ்வொரு எழுத்தாக, ஒருத்தி இதை அடித்து முடித்திருப்பாள். நான் எழுதியதே அந்த ஒருத்திக்காகத்தான். மூன்றாம் பாகத்துக்கு அப்புறம் அவள் அடைப்புக்குறி போட்டாளா இல்லையா என்று எனக்கு இப்போது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஏழாம் பாகத்துக்கு எண்ணை மட்டும் எழுதி, ஒரு வெள்ளைத்தாளைச் செருகி, கட்டாக மேஜையில் வைத்துவிட்டு, காய்கறி வாங்குகிற சாக்கில் கடைக்குப் போகிறேன்.

7.

[வெள்ளைத்தாள்தான் இருக்குது.

கத்தரிக்காய் வாங்க ரெண்டு மணி நேரமா? கோழை. வா, உன்னத் தனியா வச்சிக்கிறேன்.

அஞ்சாம் பாகத்த நாலு தடவ படிச்சேன். செல்லுலேர்ந்து நானும் அடிச்சுப் பாத்தேன். மூணு, ரெண்டு.

அம்மா உள்ள கொழம்பு தாளிக்கிறாங்க. பாயசம் வச்சாங்களாமே, நான் மூணு அடிச்ச அன்னிக்கு.

சமையக்கட்டுக் கதவத் தட்டப் போறேன். மூணு தட்டு. அதுக்கு மேல என்ன நடந்துச்சுன்னு உங்கிட்ட சொல்ல மாட்டேன். எழுதிடுவ.]