அக்கா வேண்டாமென்ற காட்டேஜ் சீஸ்

எங்கள் ஊர்ப் பால் ஆலையில் காட்டேஜ் சீஸ் செய்பவன் என் கணவன் ஓரின். திரைந்த பாலை மணிமணியாக வெட்டி, பாலேடு கலந்து செய்யும் அந்தச் சீஸ், ஹெல்விக் கடைகளில் அந்தக் கடையின் சொந்தப் பெயரோடு, பச்சை மூடி போட்டு விற்கிறது. விற்பதற்கு முன்னால் சுவைத்துப் பார்த்து, போகலாம் போகக்கூடாது என்று சொல்லும் குழுவுக்குத் தலைவி அவனுடைய அக்கா லுவான். டப்பாவின்மேல் இந்த இரண்டு பேரின் பெயரையும் நீங்கள் தேடினாலும் கிடைக்காது.

கடைப்பெயர் சரக்கு என்றால் எங்கள் விஸ்கான்சினிலும் ஒரு இளக்காரம் உண்டு. தேவாலயத்துப் பொதுச் சாப்பாட்டுக்குக் கொண்டுவரும் பெண்கள், டிவியில் விளம்பரம் வரும் டப்பாவை லேபிள் தெரிகிற மாதிரி மேசையில் வைப்பார்கள். பச்சை மூடி வாங்கியவர்கள் அதை வீட்டுக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மேலே பீச் பழத்தை அடுக்கிக் கொண்டுவருவார்கள். ஓரின் அந்தக் கிண்ணங்களை ஒரு பார்வை பார்த்தே இது நம்முடையது, இது நம்முடையது என்று என் காதில் சொல்லிக்கொண்டே வருவான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மணி ஒவ்வொன்றும் உடையாமல் முழுசாக நிற்கும், பாலேடு மணியை விட்டு ஓடாமல் அதைப் போர்த்திக்கொண்டிருக்கும் என்பான். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்தினால் கொஞ்சம் எதிர்த்துவிட்டுப் பிறகுதான் மணி விட்டுக்கொடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இத்தனை லட்சணம் கேட்க மாட்டார்கள்.

லுவான் க்ரீன் பே நகரில் ஹெல்விக்கின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறாள். அங்கே கிண்ணங்களில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த ஆலை, எந்தப் பெயர் என்று சுவைப்பவர்களுக்குத் தெரியாது. பெரிய கம்பெனிச் சரக்கும் பக்கத்திலேயே இருக்கும். அதற்குச் சமமாகவாவது இல்லாவிட்டால் எங்கள் சரக்கு கடைக்குப் போகாது. தம்பி அந்த ஆலையில் இருக்கிறான் என்று அவள் வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லிவிட்டாள். எண்ணுக்கு ஏது அக்கா தம்பி என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஓரினின் சரக்கு ஒருதரம்கூடத் திரும்பி வந்ததில்லை.

போன அக்டோபரில் வந்தது.

அன்றைக்கு ஓரின் ஆலை பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றான்.

"வேண்டாம்னுட்டாங்க," என்றான்.

"எத?"

"என் சரக்கத்தான், வேற எத? ஒரு தொட்டி முழுக்க. குளிர் அறையில அப்படியே நிக்குது. வேர்ன் வந்து சொல்றான், ஏதோ சாவுச் சேதி சொல்ற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு."

வேர்ன் ஆலை மேலாளர்.

"லுவான்கிட்ட கேட்டியா?"

"அவதான் வேண்டாம்னதே!"

அங்கேயே நின்று அவளுக்கு போன் போட்டான். அவள் குரல் எனக்கும் கேட்டது. "வேலை விஷயம் போன்ல பேச மாட்டேன் ஓரின். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றேன்ல, நேர்ல வெச்சுத் திட்டு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இடையில் இருந்த நாட்கள் எனக்குத்தான் தண்டனை. கையில் அகப்பட்டதை எல்லாம் ஓரின் நங்கென்று வைத்தான். நாய்கூட அவன் நாற்காலிக்குக் கீழே படுக்காமல் என் பக்கம் வந்துவிட்டது. திரும்பிவந்த தொட்டியிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்திருந்தான். "வரட்டும். அவ வாயாலேயே நல்லாருக்குன்னு சொல்ல வெக்கிறேன்," என்றான்.

"நீ தின்னு பாத்தியா?"

"நான் செஞ்சத நானே தின்னு பாக்கணுமா? கண்ணால பாத்தாலே தெரியாதா எனக்கு?"

ஞாயிறன்று லுவான் ஆப்பிள் கேக்கோடு வந்தாள். கூடத்தில் டிவியில் பேக்கர்ஸ் அணியின் ஆட்டம் தொடங்கியிருந்தது. அவள் கோட்டைக் கழற்றும் முன்பே ஓரின் ஆரம்பித்துவிட்டான்.

"வாங்க நீதிபதி அம்மா. உன் நேர்மைய ஊருக்குக் காட்ட என் தலைதான் கிடைச்சுதா?"

"கிண்ணத்துல உன் தலை இல்லடா. எண்தான் இருந்துச்சு."

"அப்ப என்னோடதுன்னு தெரியாமத்தான் வேண்டாம்னியா?"

லுவான் கோட்டை நாற்காலியின் முதுகில் போட்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் அவள்.

"தெரியும். முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சு. நீ போடுற உப்பு யாரும் போட மாட்டாங்க. அதனாலதான் வாயக் கொப்புளிச்சுட்டு மறுபடியும் தின்னேன். கொஞ்ச நேரம் வெளிய நடந்துட்டு வந்து இன்னொரு தடவை தின்னேன். நல்லா இல்ல ஓரின். நான் என்ன பண்ணட்டும்?"

"என்ன நல்லா இல்ல?"

"நீயே சொல்லு. உனக்குத் தெரியாததா?"

ஓரினின் கழுத்து சிவந்தது. "உனக்கு வயசாயிடுச்சு. நாக்கு செத்துப்போச்சு," என்றான்.

அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. லுவான் கேக்கின் மேலிருந்த தாளைப் பிரித்து மடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது. ஒன்றாக வளர்ந்து, ஒரே பண்ணையில் பால் கறந்து, இப்போது ஒரு ஸ்பூன் திரைந்த பாலுக்காக என் சமையலறையில் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இரண்டு பேரும் கூடத்துக்குப் போங்க," என்றேன். "கூப்பிடுறப்ப வந்தாப் போதும்."

குளிர்பெட்டியில் எங்கள் வீட்டுக்கென்று வைத்திருந்த பழைய பச்சை மூடி டப்பா பாதி இருந்தது. திரும்பிவந்ததும் இருந்தது. அடுத்த வீட்டு பாமிடம் போய், விளம்பரக் கம்பெனிச் சரக்கு ஒரு கரண்டி வாங்கிவந்தேன். எதற்கு என்று அவள் கேட்டாள், பிறகு சொல்கிறேன் என்றேன். மூன்றையும் ஒரேமாதிரிக் கிண்ணங்களில் போட்டு, அடியில் அடையாளம் எழுதி, மேசைமேல் வைத்துவிட்டு இருவரையும் கூப்பிட்டேன். சோதனை அவளுக்குத்தான் என்று நினைத்து ஓரின் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

"உனக்குந்தான். உக்காரு," என்றேன்.

"எனக்கெதுக்கு?"

"பயமா இருந்தா விடு."

அப்படிச் சொன்னால் எந்த ஆண்பிள்ளைதான் உட்காராமல் இருப்பான்? உட்கார்ந்தான். "நீ முதல்ல சொல்லு. நான் சொல்லிட்டா அப்புறம் என் பேச்சக் கேட்டுச் சொன்னேன்னுவே," என்றாள் லுவான்.

முதல் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு மெதுவாக அழுத்தினான். "இது கம்பெனிச் சரக்கு. பாலேடு கஞ்சி மாதிரி இருக்கு. கெட்டியாக்க என்னத்தையோ கலந்திருக்கான்." சரியாகத்தான் சொன்னான். இரண்டாவதைச் சாப்பிட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "இது என்னோடது. கண்ணக் கட்டினாலும் சொல்லுவேன்." அதுவும் சரி. வீட்டில் இருந்த பழைய டப்பா அது.

மூன்றாவதை வாயில் போட்டவன், மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். இன்னொரு ஸ்பூன் எடுத்தான். முகம் சுருங்கியது.

"இத எங்க வாங்கின? வேற கடையா?" என்றான். "மேல தோல் மாதிரி, உள்ள மாவு. நாக்குல நெருநெருன்னு ஒட்டுது. இதச் செஞ்சவனுக்குக் கன்னுக்குட்டிக்குப் பால் கரைச்சு வெக்கக்கூடத் தெரியாது."

நான் கிண்ணத்தைத் திருப்பி அடியைக் காட்டினேன்.

டிவியில் யாரோ பந்தோடு ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டிருக்க வேண்டும். கூட்டம் ஓவென்று கத்தியது. எங்கள் மூவரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லுவான் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரின் அந்தக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் தின்றான். மணிகளை விரலில் எடுத்து நசுக்கினான், முகர்ந்தான், சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நான்தான் செஞ்சேனா இத?" என்றான். குரலே மாறியிருந்தது.

"நீதான்," என்றாள் லுவான். "அதனாலதான் மூணு தடவை தின்னேன்."

"சூடு முந்திடுச்சு. வெட்டின உடனே சூடு ஏறியிருக்கு. வெளிப்பக்கம் இறுகி, உள்ள இருக்கிற தண்ணி வெளிய வர வழியில்லாமப் போச்சு." தனக்குத்தானே பேசிக்கொண்டே எழுந்து சாவியைத் தேடினான். "ஜேனிஸ், வண்டி எங்க நிக்குது?"

"சாப்பாடு?" என்றேன்.

"வந்து சாப்பிடலாம்."

நாங்களும் கூடவே போனோம். ஞாயிறும் ஆலை ஓடும். மாட்டுக்கு ஞாயிறு ஏது? தொட்டியில் பால் உறைந்து, கம்பிச் சட்டத்தால் வெட்டி முடித்திருந்த நேரம். வெள்ளைத் துண்டுகள் மஞ்சள் நீரில் மிதந்துகொண்டிருந்தன. ஓரின் தொப்பியும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு, நீராவியைத் திறக்கச் சொல்லி, தொட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தான். சற்று நேரத்திலேயே "நிறுத்து நிறுத்து!" என்று கத்தினான்.

திரும்பிவந்த தொட்டிக்கு முந்தின நாள்தான் நீராவிக் குழாயின் வால்வை மாற்றியிருந்தார்கள். பழையது கிழட்டு மாடு மாதிரி மெல்லத்தான் விடும். புதியது திறந்ததும் பாய்ந்தது. கடைசியில் சூடு எவ்வளவு என்று எல்லோரும் பார்த்தார்கள், அது சரியாகவே இருந்தது. அங்கே எத்தனை வேகத்தில் போய்ச் சேர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை. "என் வேலை அது. நான் பாத்திருக்கணும்," என்றான் ஓரின். அப்புறம் தன் கையாலேயே குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அந்தத் தொட்டி முடியும்வரை இடத்தை விட்டு நகரவில்லை. லுவான் வாசல் பக்கம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை. அது அவளுடைய இடம் இல்லையாம்.

மறுநாள் வேர்ன் அவனைக் கூப்பிட்டு, திரும்பிவந்த சரக்கை வாங்க தெற்கே ஒரு மலிவுக்கடைக்காரன் தயார் என்று சொன்னான். "கெட்டுப்போனது ஒண்ணும் இல்லையே ஓரின். தின்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அவங்க மூடியப் போட்டு வித்துட்டுப் போறாங்க. நம்ம பேரா இருக்கு அதுல?"

"நல்லதுலயும்தான் என் பேர் இல்ல," என்றானாம் ஓரின். "அதுக்காக அத ஏனோதானோன்னா செய்யறேன்? பன்னிப் பண்ணைக்கு அனுப்பு. கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லு."

வேர்ன் முதலில் முணுமுணுத்தான், பிறகு அனுப்பினான். அதை என்னிடம் சொன்னது ஓரின் இல்லை, வேர்னே. கடைத்தெருவில் பார்த்தபோது, "உன் புருஷன் ஒரு கழுதை ஜேனிஸ்," என்று தொடங்கி, "ஆனா அந்தக் கழுதை நம்ம ஆலையில இருக்குது," என்று முடித்தான். நான் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

புதுச் சரக்கு க்ரீன் பேக்குப் போயிற்று. ஓரின் தைரியமாக இருப்பதுபோல் நடித்தான். அன்று சாயங்காலம் லுவான்தான் போன் செய்தாள். வேலை விஷயம் பேச மாட்டேன் என்றவள், நேராக வேலை விஷயத்துக்கே வந்தாள்.

"எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது, கேக்காதே. ஆனா நாங்க தின்னு பாத்துட்டுத் துப்புவோம்ல? இன்னைக்கு ஒரு கிண்ணத்த நான் துப்பல. வழிச்சுத் தின்னுட்டேன். பக்கத்துல இருந்தவ என்னையே பாக்குறா."

"உப்பு எப்படி இருந்துச்சு?" என்றான் ஓரின்.

"வாய மூடு," என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஓரின் போனை வைத்துவிட்டு, கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று குளியலறைக்குப் போனான்.

விளம்பரக் கம்பெனிச் சரக்கைவிட ஒருபடி மேலே என்று ஹெல்விக்கிலிருந்து வேர்னுக்குச் சேதி வந்தது மறுநாள் காலை. அன்று வெள்ளிக்கிழமை, மதுக்கடையில் பொரித்த மீன் சாப்பாடு. லுவானையும் வரச்சொன்னோம். பக்கத்து மேசையில் தீவனம் விற்கும் ஆள் ஒருவர், வெளியூர்க்காரர், பேச்சுவாக்கில், "கடைப்பெயர் காட்டேஜ் சீஸா? எல்லாம் ஒரே சரக்குதானே, மூடிதானே வேற?" என்று சொல்லிவிட்டார்.

ஓரின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"இவங்க யார் தெரியுமா உங்களுக்கு? எங்க அக்கா. இந்த ஊர்ல பத்து வருஷத்துக்கு மேல என் சரக்கு திரும்பி வந்ததில்ல. இவங்க திருப்பி அனுப்பிச்சாங்க. தம்பின்னு தெரிஞ்சே அனுப்பிச்சாங்க! இந்த மாநிலம் முழுக்கத் தேடுங்க, வேற யாராலயும் அந்தக் குறையக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. நானே கண்டுபிடிக்கல!"

அவமானப்பட்ட கதையை, பரிசு வாங்கிய கதை மாதிரிச் சொன்னான். மேசைக்கு மேசை ஆட்கள் திரும்பினார்கள். கடை நடத்தும் ரோஸ்கூடக் குவளையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நின்றாள்.

"போதும்டா. மீன் ஆறுது," என்றாள் லுவான். காது மடல் வரை சிவந்திருந்தாள்.

தீவனக்காரர் விடவில்லை. மீனோடு ரோஸ் வைத்திருந்த பச்சை மூடிச் சரக்கை, தன் தட்டோரம் இருந்த சின்னக் கிண்ணத்தோடு அவள் முன்னால் தள்ளினார். "அப்ப இதப் பாத்துச் சொல்லுங்கம்மா, கேப்போம்."

லுவான் வேண்டாம் வேண்டாம் என்றாள். பிறகு ஸ்பூனை எடுத்தாள். எடுத்ததுமே முகம் மாறிவிட்டது, வேலை பார்க்கிற முகம். கூச்சம் போன இடம் தெரியவில்லை.  ஓரின் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

"நல்ல பால். நல்ல கை," என்றாள் கடைசியில். "ஆனா ரோஸ், இத நேத்துத் திறந்து மூடாம வெச்சிருக்கே. வெங்காய வாசனை ஏறியிருக்கு."

ரோஸ் இடுப்பில் கைவைத்தாள். "வெங்காயத்துக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு, அம்மா தாயே!"

மதுக்கடையே குலுங்கச் சிரித்தது. ஓரின் மேசையில் ஓங்கித் தட்டி, "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று ஒவ்வொரு மேசையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.