மஞ்சள் அடித்தால் திரும்பு

டார்ச்சின் கழுத்தைத் திருகினால் உள்ளே நாணய அளவில் ஒரு பச்சைத் தட்டு இருக்கும். அதில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பாக ஒரு ரெசிஸ்டர். விளக்குக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று கணக்குப் பார்ப்பது அதுதான். அதன் முதுகில் அதே அளவு இன்னொன்றை உப்பு மூட்டை ஏற்றிப் பற்றவைத்தால் தடை பாதியாகும், மின்சாரம் இரட்டிப்பாகும். மொத்தமே இரண்டு சொட்டு ஈயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நான்கு டார்ச்சுக்கும் அதைச் செய்தாள். அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி, மூச்சு விடாமல் சுற்றி நின்றார்கள்.

ஊருக்குக் குடிதண்ணீர் வருகிற சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்தும் நாட்களில் உள்ளே நடந்து போய், சுவரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, உள்ளே பொள்ளலான சத்தம் கேட்கிற இடத்தில் பெயின்டால் குறி போட வேண்டும். துறை கொடுத்த டார்ச் முழங்காலுக்கு மேலே எதையும் காட்டாது. நல்ல டார்ச் கேட்டு மூன்று வருஷத்தில் நான்கு மனு போயிற்று. நான்கையும் எழுதியவள் அவள்தான். அந்தத் தெருவிலேயே முதலில் டிகிரி வாங்கியவள், அதுவும் எலெக்ட்ரானிக்ஸில். பதில் வராத மனுவை ஐந்தாவது தடவை எழுத அவளுக்குப் பொறுமை இல்லை.

முதல் டார்ச்சைப் போட்டதும் எதிர்ச் சுவர் வெள்ளையடித்த மாதிரி ஆயிற்று.

"அடேயப்பா! இத வச்சுக்கிட்டு என் பொண்டாட்டி மனசுக்குள்ளயே பாத்துடலாம் போலிருக்கே" என்றார் வானொலி. ஓயாமல் பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

"அங்க இருட்டா இருக்கறதுதான்டா உனக்குப் பாதுகாப்பு" என்றார் நெட்டை.

அவள் சிரிக்கவில்லை. "கவனமாக் கேளுங்க. பாட்டரி பாதி நேரந்தான் தாங்கும். அஞ்சு மணி நேரம் எரிஞ்சது இனிமே ரெண்டரைதான்."

"அதனால என்ன இன்ஜினியரம்மா" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டவர். "நேரத்த அதுவே சொல்லிடும்ல."

எது சொல்லும் என்று அவள் கேட்டிருக்கலாம். மாமா எப்போதும் இப்படி ஏதாவது சொல்வார் என்று விட்டுவிட்டாள். வெளிச்சத்தைச் சுவரில் பார்த்தாள், சூட்டைக் கையால் பார்த்தாள், போதும் என்று மூடினாள்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவர்கள் சுரங்கத்துக்குள் போனார்கள். பத்தேகாலுக்கு அம்மா கத்திரிக்கோலும் கையுமாக வந்து நின்றாள். வீட்டில் இருந்தபடி சட்டை தைக்கிறவள் அம்மா.

"ஏன்டி, இன்னைக்குப் பத்தரைக்கே மஞ்சள் அடிச்சிடுமா? அப்ப நான் இப்பவே அடுப்ப ஏத்தணும்."

"என்ன மஞ்சள்?"

"ரெண்டு எழுத்து படிச்சா இதெல்லாம் மறந்துடுமா? டார்ச்சு மஞ்சள் அடிக்கறதுதான். உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. வாட்ச் கட்டினா ஈரம் குடிச்சுடும். வெளிச்சம் மங்கி மஞ்சளானா சுத்தியலக் கீழ போட்டுட்டுத் திரும்பிடணும். அதுக்கப்புறம் நாப்பது நிமிஷம் அது எரியும். அதுக்குள்ள வாசலுக்கு வந்துடலாம். உங்கப்பா வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இதுதானே கணக்கு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. இருபத்து மூன்று வருஷம் அந்தச் சோற்றைத் தின்றிருக்கிறாள். அது எப்படிச் சம்பாதிக்கப்படுகிறது என்று தெரியாது. அப்பா சொன்னதில்லை. அவள் கேட்டதுமில்லை.

ஆனால் இன்னொன்று தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் அவளே வரைந்த வரைபடம் கண்முன் வந்தது. பாட்டரியிலிருந்து மின்சாரத்தை மெதுவாக எடுத்தால் கடைசியில் கோடு படிப்படியாக இறங்கும். அள்ளி எடுத்தால் மாடியிலிருந்து விழுந்த மாதிரி இறங்கும். அதற்குப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாள். நாற்பது நிமிஷ மஞ்சள் இல்லை இனி. நான்கு நிமிஷம் இருந்தால் அதிகம். நான்கு டார்ச்சும் ஒரே நாளில் ஒரே கையால் சார்ஜ் போட்டவை. ஒன்றன் பின் ஒன்றாகச் செத்துவிடும்.

சுரங்கத்தின் தரையில் வண்டல் தேங்குவதற்காக மூன்று குழிகள் உண்டு. ஆள் ஆழம். குறுக்கே ஒற்றைப் பலகை.

கரண்ட் போனால் வைக்கிற எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு அவள் சைக்கிளில் ஏறினாள். அம்மா பின்னால் கூப்பிட்டது காதில் விழவில்லை.

சுரங்க வாசலில் காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பலகையில் நான்கு பித்தளை வில்லைகள் தொங்கின. உள்ளே நான்கு பேர் என்று அர்த்தம்.

"உள்ள லைட் போயிருக்கும். ஸ்பேர் டார்ச் எங்க?"

"அது மேற்பார்வையாளர் ஜீப்புல இருக்கும்மா. அஞ்சு வருஷமா அங்கதான் இருக்கு."

"ஜீப் எங்க?"

"அவரு வீட்டு வேலையா எங்கயோ..." என்று இழுத்தார்.

"அப்ப வழிய விடுங்க."

"வில்லை இல்லாம யாரும் போகக்கூடாது பாப்பா. எனக்கு வேலை போயிடும்."

"நாலு பேரு போயிட்டா உங்களுக்கு பிரமோஷன் குடுப்பாங்களா?"

அவர் எழுந்திருக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. சுவர் வியர்த்திருந்தது. முதல் குழிவரை போய்ப் பலகையைப் பார்த்தாள். வழுவழுவென்று ஒரு சாண் அகலம். விளக்கைப் பிடித்துக்கொண்டு அதில் நடக்க அவளுக்குக் கால் வரவில்லை. விளிம்பில் நின்று கத்தினாள். குரல் போய்ச் சுற்றிவிட்டு அவளிடமே வந்தது.

பிறகு கேட்டது. டக். டக். டக். சுவரில் சுத்தியல்.

விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கை கடுத்தது, மாற்றவில்லை. எவ்வளவோ நேரம் கழித்து மூன்று பேர் ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. நெட்டை முன்னால் சுவரைத் தடவியபடி. அப்பாவும் வானொலியும் நடுவில் மாமாவைத் தூக்கிக்கொண்டு. வானொலி ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

இரண்டாவது குழியில் மாமா பலகை என்று நினைத்து வெறுமையில் கால் வைத்திருக்கிறார். இடுப்பெலும்பு.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நின்றாள். வழியெல்லாம் சேர்த்து வைத்த மன்னிப்பைச் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழாத. நீ அழுதா எனக்கு இடுப்பு வலிக்குது" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பதினெட்டு வருஷமா அதுக்குள்ள போய் வர்றேன். நேத்து வரைக்கும் கூரைய நான் பாத்ததே இல்ல தெரியுமா? மூணாவது குழி தாண்டி மேல ஒரு விரிசல். ஏர் ஓட்டின மாதிரி. என் கை உள்ள போகும். அதுக்குக் கீழதான் இத்தன வருஷமா நின்னு பீடி குடிச்சிருக்கோம். அத வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னோம். அப்பதான் மஞ்சள் அடிச்சுது. சரி, நேரம் இருக்கேன்னு நீளத்த அளக்கலாம்னு..." நிறுத்தினார். "படக்குன்னு போயிடுச்சும்மா."

வியாழக்கிழமை அலுவலகத்தில் விசாரணை. அதிகாரியின் மேஜையில் காகிதம் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. தொழிலாளர் அனுமதித்த நேரத்துக்கு மேல் உள்ளே இருந்ததால், கவனக்குறைவால் நடந்த விபத்து. அப்பா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அப்பா பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

"அது பொய்" என்றாள் அவள்.

"வெளில போய் நில்லு" என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல்.

"போகமாட்டேன்." அப்பாவின் டார்ச்சைத் திருகிப் பச்சைத் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இந்த ரெசிஸ்டர நான் வச்சேன். நாலு டார்ச்சுக்கும். வெளிச்சத்தக் கூட்டினேன், மஞ்சளத் தின்னுட்டேன். கடைசி வரைக்கும் எரிய விட்டு நான் பாக்கல. தப்பு என்னுது. அத எழுதிக்குங்க. அதோட நாலு மனு வந்துச்சுன்னு எழுதுங்க. ஸ்பேர் டார்ச் ஜீப்புல கிடந்துச்சுன்னு எழுதுங்க. மூணாவது குழிக்கு அப்பால கூரை பிளந்திருக்குன்னும் எழுதுங்க."

"அரசாங்க சொத்துல கை வச்சிருக்க. என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான். இதோ விரிஞ்சு கிடக்கற உங்க ரிஜிஸ்டர்ல போன மாசம் கூரை நலம்னு கையெழுத்து யாரோடது? அவரு எந்த டார்ச்ச வச்சுப் பாத்தாரு?"

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூரை விஷயம் வேற ஃபைல். அது இதுல வராது."

அப்பா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. அதற்கு அவருக்கு மூன்று மாதத் தற்காலிக நீக்கம். மூன்று டார்ச்சைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். மாமாவுடையது மட்டும் குழியில் கிடந்து, வானொலியின் பையில் வீட்டுக்கு வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் அப்பா அதை அவள் முன் வைத்தார்.

"எனக்கு ரெண்டும் வேணும். கூரையும் தெரியணும், மஞ்சளும் அடிக்கணும். முடியுமா முடியாதா?"

"அவங்க திரும்ப உங்கள உள்ள விடுவாங்களாப்பா?"

"என்னைய விடலேன்னா வேற எவனோ போவான்ல. அவனுக்கும் தலைக்கு மேல கூரை இருக்கு."

உப்பு மூட்டை ஏறியிருந்ததை ஈயம் உருக்கி இறக்கினாள். அதே இடத்தில் நான்கு மடங்கு தடையுள்ள ஒன்றை ஏற்றினாள். வெளிச்சம் கால் பங்குதான் கூடும். முழுக்கச் சார்ஜ் ஏற்றிய டார்ச்சைத் தரையில் நிமிர்த்தி வைத்து, அறையைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை போட்டு, கடிகாரத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலைக்கு மேல் வீட்டுக் கூரை தெரிந்தது. ஒட்டடை தெரிந்தது.

அம்மா தையலை விட்டுவிட்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். "அடிச்சிடுச்சா?"

"இல்லம்மா."

விளக்கைப் போட்டு மூன்று மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் வெள்ளை கொஞ்சம் பழுத்தது. நோட்டில் எழுதினாள். அப்பா எழுந்தார். சுவரிலிருந்து சுவருக்கு ஒன்பது தப்படி. வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது குழிக்கு அப்பாலிருந்து வாசல்வரை ஆயிரத்து எண்ணூறு தப்படி என்று அவர் கால்களுக்குத் தெரியும். அவர் நடக்க நடக்க அவர் நிழல் கூரையில் பெரிதாகப் போய்ப் போய் வந்தது.

"ஆயிரத்து எண்ணூறு" என்று நின்றார். பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள்.

"எழுதாத" என்றார். "இது தனியா நடக்கற கணக்கு."

ஆள் இல்லாத ஒரு தோளைத் தாங்குகிற மாதிரி இடது கையை வளைத்துக்கொண்டார். உடம்பைச் சாய்த்து, காலால் தரையைத் தடவித் தடவி, ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.